ஊரில் உள்ள கிளினிக், மருந்துக்கடை, ஆரம்ப சுகாதார நிலையம், ஜி.எச். எல்லாவற்றையும் ஒரே அமைப்பாக இணைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

நோயாளியின் மாத்திரைப் பையிலிருந்து. ஆப், டேஷ்போர்டு எல்லாம் அப்புறம். நான் ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநர், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

கால் வீக்கத்தோடு ஒரு பாட்டி வந்தார். மஞ்சப்பையைக் கவிழ்த்தால் மூன்று அட்டை. ஒன்று நாங்கள் தரும் பிரஷர் மாத்திரை, அம்லோடிபின். இன்னொன்று தனியார் கிளினிக்கில் எழுதிய டெல்மிசார்டன் கூட்டு மாத்திரை, அதற்குள்ளும் அம்லோடிபின். அந்த மருந்து அளவு கூடினால் கால் வீங்கும். வீக்கத்துக்கென்று வேறொரு டாக்டர் கொடுத்த, நீர் பிரியும் மாத்திரை மூன்றாவது.

"அது கவர்மெண்டு மாத்திரை, இது காசு குடுத்து வாங்குனது. ரெண்டும் எப்பிடிப்பா ஒண்ணாவும்?" என்றார்.

தனித்தனியாகப் பார்த்தால் மூன்று சீட்டிலும் குறை சொல்ல முடியாது. மற்றவர் எழுதியதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதைப் பார்க்க வாய்ப்புள்ள ஆள், மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சுய உதவிக் குழுப் பெண்களே வீடு தேடிப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். டிவிக்கு மேல் எந்த அட்டை கிடக்கிறது என்பது வரை அவர்களுக்குத் தெரியும். தனியாரில் வாங்கியதையும், கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரில் அவர்கள் குறித்துக்கொள்ள வழி செய்தால் பாதி வேலை முடிந்தது.

தனியார் ஏன் ஒத்துழைக்க வேண்டும்? சாலை விபத்துக்கான 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது, தனியார் மருத்துவமனைகளும் அதில் இருக்கின்றன. பிரஷர், சுகருக்கு அப்படி ஒரு கணக்கே இல்லை. நோயாளியை எங்களிடம் திருப்பி அனுப்பும் கிளினிக்குக்கு நஷ்டம்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எல்லோரும் சீட்டு எழுதுவார்கள், அங்கிருந்து திரும்பி வரும் சீட்டுதான் எங்களை எட்டாது. அந்தத் திரும்பும் சீட்டுக்கு ஒரு சின்னத் தொகை வைத்தால் நிலைமை மாறும் என்பது என் கணிப்பு.

ஒரு வட்டாரத்தில், இந்த இரண்டு நோயோடு மட்டும் தொடங்குங்கள். பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடைக்காரரையும் முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். கூட்டத்தை மதியம் வையுங்கள், சாயந்திரம் கிளினிக்கில் கூட்டம் நெரியும், டாக்டர்கள் வரமாட்டார்கள்.