தீப்பற்றாத மின்பகுளியில் கிராஃபைட் செல் ஏன் சீக்கிரம் திறன் இழக்கிறது?

வணக்கம். லித்தியம் அயனி மின்கலத்தில் அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளிக்கு டிரைஎத்தில் பாஸ்பேட்டை முதன்மைக் கரைப்பானாக்கியதும் அது தீப்பற்றவில்லை, ஆனால் கிராஃபைட்டை எதிர்மின்முனையாகக் கொண்ட செல்லின் கொள்திறன் சில சுழற்சிகளிலேயே சரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு பெரும்பாலும் உங்கள் செல் தயாரிப்பில் இல்லை. வழக்கமான கரைப்பானான எத்திலீன் கார்பனேட் சிதைந்து கிராஃபைட்டின்மேல் உருவாக்கும் காப்புப் படலத்தைப் பாஸ்பேட்டால் உருவாக்க இயலாது. மாறாக, அது லித்தியம் அயனியோடு பிணைந்தபடியே கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைந்து அவற்றை உரித்துவிடும்.

சேர்க்கைப்பொருளாக ஃபுளூரோஎத்திலீன் கார்பனேட் ஓரளவு உதவும். ஆயினும், மின்பகுளியில் கரைந்துள்ள லித்தியம் உப்பை எல்.ஐ.எஃப்.எஸ்.ஐ.க்கு (லித்தியம் பிஸ்(ஃபுளூரோசல்ஃபோனைல்)இமைடு) மாற்றிச் செறிவைக் கணிசமாக உயர்த்துவதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அப்போது அயனியோடு பிணையாத கரைப்பான் மூலக்கூறுகள் மிகவும் குறைந்து, உப்பின் எதிர்மின் அயனியே சிதைந்து லித்தியம் ஃபுளூரைடு மிகுந்த உறுதியான படலத்தைத் தரும். செறிந்த கரைசல் பாகுத்தன்மை மிகுந்து மின்முனைகளுக்கு இடையிலுள்ள பிரிப்பானை எளிதில் நனைக்காது என்பதால், உப்பைக் கரைக்காத ஹைட்ரோஃபுளூரோ ஈதர் ஒன்றைக் கலந்து அதை நீர்க்கச் செய்யுங்கள். நேர்மின்முனையில் மின்னோட்டத்தைச் சேகரிக்கும் அலுமினியத் தகட்டின் அரிப்பையும் கவனியுங்கள். செறிவு குறைந்தால் இந்த உப்பு அதை அரிக்கும்.

ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன்: திரியில் நனைத்துச் சுடர் காட்டும் சோதனை மட்டும் செல்லின் பாதுகாப்பைக் காட்டாது. மின்னேற்றிய நிக்கல் வகை நேர்மின்முனை (கேத்தோடு) சூடேறும்போது தானே ஆக்சிஜனை வெளியிடுவதால், முழுமையாக மின்னேற்றிய மின்முனைகளை மின்பகுளியோடு சேர்த்தே வெளிப்படும் வெப்பத்தை அளக்கும் வெப்ப அளவியல் சோதனைக்கு உட்படுத்துங்கள்.