கேள்வி–பதில்: முள்ளோடையோடு நின்றுவிடும் வரைபடங்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் வேலைக்கும் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவோ பேர் போகிறார்கள். இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே சாலைத் திட்டம் ஏன் போடுவதில்லை? – வாசகர், மஞ்சக்குப்பம்

கடலூருக்கு 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்; புதுச்சேரிக்கு 1969ஆம் ஆண்டில் வந்த தனிச் சட்டம். முள்ளோடையில் வரும் எல்லையைத் தாண்டிக் கோடு போட இரண்டுக்குமே அதிகாரம் கிடையாது. 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் பெருநகரப் பகுதிக்குத் திட்டக்குழு அமைக்கச் சொல்கிறது அரசியலமைப்பின் 243-இசட்இ பிரிவு. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மாவட்டத்தையும் கடலூர் நகரத்தையும் சேர்த்தால் 11 லட்சத்தைத் தாண்டும். ஆனால் அப்படி ஒரு பகுதியை அறிவிக்க வேண்டியவர் மாநில ஆளுநர். பக்கத்து நிர்வாகத்தின் மண்ணை அவர் சேர்க்க முடியாது. டெல்லியைச் சுற்றி இதே சிக்கல் வந்தபோது, 1985இல் நாடாளுமன்றமே தேசியத் தலைநகர் மண்டலத் திட்ட வாரியச் சட்டத்தை இயற்ற வேண்டியிருந்தது.

இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரு அரசுகளும் ஆணை பிறப்பித்து ஒரு கூட்டுத் தொழில்நுட்பக் குழு அமைத்தாலே பாதி வேலை நடக்கும். அந்தக் குழுவின் முதல் வேலை, ஒரே வாரத்தில் இரு பக்கமும் வாகனம் எண்ணுவது. ஆல்பேட்டை, முள்ளோடை, தவளக்குப்பம் மூன்று இடத்திலும் தொடர்ந்து 7 நாள், 24 மணி நேரமும் எண்ண வேண்டும். சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டத்தை விட்டால் கணக்கு பொய்யாகிவிடும். ஒவ்வொரு வண்டியையும் காரோடு ஒப்பிட்டு, காரும் ஆட்டோவும் 1 அலகு, டூவீலர் அரை, பஸ்ஸும் லாரியும் 3, டிரெய்லர் பூட்டிய டிராக்டர் 4.5 என்று, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் மதிப்பு வைத்திருக்கிறது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு அரவை நடக்கும் மாதத்தில் ஒருவரும், அரவை இல்லாத மாதத்தில் இன்னொருவரும் எண்ணினால் இரண்டு கணக்கும் ஒட்டவே ஒட்டாது. சமவெளியில் இருவழிச் சாலை நாளொன்றுக்குத் தாங்குவது சுமார் 15,000 அலகு.

எண்ணினால் மட்டும் போதாது. வண்டியை நிறுத்தி, எங்கிருந்து எங்கே என்று கேட்கவும் வேண்டும். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை சிதம்பரம், நாகை போகிறவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோகும். கிருமாம்பாக்கத்திலிருந்து மஞ்சக்குப்பம் வருகிறவருக்கு அதனால் என்ன பயன்? அவர் பழைய சாலையில்தான் வருவார். புறவழிச்சாலை வந்துவிட்டது, இனி பழைய சாலைக்குச் செலவு வேண்டாம் என்ற முடிவு பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான் வருகிறது.

இன்னொரு தடையும் உண்டு. கடலூர் மாநகராட்சிக்கு மேயர் இருக்கிறார். புதுச்சேரியில் 2006இல் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. பிறகு நிர்வாகம் அதிகாரிகள் கைக்குப் போனது. கூட்டுக்குழுவில் மக்கள் பிரதிநிதி இரு பக்கமும் இருந்தால்தான் அது நிலைக்கும்.

புதுச் சாலை மேடாக வந்தால் எங்கள் வயலில் தண்ணீர் தேங்காதா? – வாசகர், பாகூர்

தேங்கும், வடிகாலைச் சேர்ந்து திட்டமிடாவிட்டால். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தபோது தென்பெண்ணை கடலூரையும் பாகூரையும் சேர்த்தே மூழ்கடித்தது. சப்கிரேடின் (சாலைக்கு அடியில் இறுக்கிப் போடும் மண் அடுக்கின்) அடிமட்டம் அதிகபட்ச வெள்ள மட்டத்துக்கு மேல் குறைந்தது 0.6 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் சாலை மேடாகத்தான் வரும். கேட்க வேண்டியது, சாலைக்கு அடியில் தண்ணீர் கடக்கும் கல்வெர்ட்டின் அகலத்தையும் எண்ணிக்கையையும். பங்காரு வாய்க்கால் தமிழ்நாட்டில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கு வருகிறது. ஒரு பக்கத்துப் பொறியாளர் தன் எல்லைக்குள் உள்ள நீரோட்டத்தை மட்டும் வைத்துக் கல்வெர்ட்டைக் கணக்கிட்டால், மேலிருந்து வரும் வெள்ளம் அந்தக் கணக்கில் வராது. 2024இல் தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவர்க் கறையோடு படம் எடுத்து, சர்வே எண்ணுடன் எழுதிக் கொடுங்கள். வடிவமைப்பில் அது உதவும்.

நிலம் எடுக்க அறிவிப்பு வந்திருக்கிறது. எத்தனை நாளுக்குள் ஆட்சேபனை தர வேண்டும்? – வாசகர், கண்டமங்கலம்

தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள், நிலமெடுப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஓராண்டுக்குள், நிலத்தை எடுப்பதை உறுதிசெய்யும் 3டி பிரகடனம் வராவிட்டால் 3ஏ காலாவதியாகும். அரசின் வழிகாட்டி மதிப்பு, முந்தைய 3 ஆண்டுக் கிரயங்களில் விலை உயர்ந்த பாதியின் சராசரி, இவற்றில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்புக்கு அடிப்படை. எல்லையின் இருபுறமும் வழிகாட்டி மதிப்பு வேறு. அதனால் அடுத்த வரப்புக்காரரின் தொகையோடு ஒப்பிடாமல், உங்கள் கிராமத்துக் கிரயப் பத்திரங்களின் நகலை இப்போதே எடுத்து வையுங்கள்.