இரண்டாம் பாகம் தேறுமா? கேள்வியும் பதிலும்

மதுரையில் ஒரு பட விநியோக அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். தியேட்டருக்குப் பிரதிநிதியாகப் போய், கவுன்ட்டர் ஓரமாக உட்கார்ந்து டிக்கெட் கணக்குப் பார்த்து, ராத்திரி வசூலை அலுவலகத்துக்குச் சொல்லும் வேலை. படம் பார்த்ததைவிட, பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். இரண்டாம் பாகம், முன்கதை (முதல் படத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லும் படம்) பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முடிவுகளைப் போட்டு உடைத்துத்தான் பேச வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, இரண்டாம் பாகம் என்றாலே சொதப்பல்தான் என்கிறார்கள். முதல் படத்தைத் தாண்டிய படம் ஒன்றாவது இருக்கிறதா? – கார்த்திக், திருப்பூர்

தம்பி, காட்ஃபாதர் இரண்டாம் பாகம் என்று சொன்னால், 'இதை எல்லாரும்தான் சொல்றாங்க' என்பீர்கள். எல்லாரும் சொல்வதாலேயே அது பொய்யாகிவிடாது. 1974இல் வந்தது. சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் இரண்டாம் பாகம் அதுதான். முதல் படத்துக்கு மூன்று ஆஸ்கர், இதற்கு ஆறு. விருது கிடக்கட்டும், அந்தப் படம் எதனால் நின்றது என்று பாருங்கள்.

முதல் படம் எப்படி முடிகிறது? 'உன் தங்கை புருஷனைக் கொன்றது நீதானா?' என்று, மாஃபியா குடும்பத்துக்குத் தலைவனாகிவிட்ட மைக்கேலிடம் அவன் மனைவி கேட்கிறாள். கூசாமல் இல்லை என்கிறான். அவளும் நிம்மதியாக வெளியே வருகிறாள். உள்ளே அவனுடைய ஆட்கள் வந்து கையை முத்தமிடுகிறார்கள். அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு சாத்தப்படுகிறது. கணக்கு முடிந்த மாதிரிதான் தெரியும். ஆனால் அங்கே ஒரு பெரிய பாக்கி நிற்கிறது. குடும்பத்துக்காகத்தான் எல்லாம் என்று சொல்லி அப்பன் நாற்காலியில் உட்கார்ந்தவன், அந்தக் குடும்பத்தை என்ன செய்யப்போகிறான்? இரண்டாம் பாகம் முழுக்க அந்தப் பாக்கியைத்தான் வசூலிக்கிறார்கள். கடைசியில் கூடப்பிறந்த அண்ணனையே ஏரியில், படகில் வைத்துத் தீர்த்துவிடச் சொல்கிறான்.

அதில் வரும் மைக்கேலின் அப்பா விட்டோவின் இளவயதுக் கதையும் புதிதாக ஒட்டுப்போட்டதில்லை. மரியோ பூசோவின் 1969 நாவலிலேயே இருந்தது, முதல் படத்தில் விட்டுவிட்டார்கள். அப்பன் கையில் ஒன்றுமில்லாமல் வந்து குடும்பத்தைக் கட்டுகிறான். மகன் எல்லாம் இருந்தும் அதை இடிக்கிறான். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டும்போது வயிற்றைப் பிசைகிறது.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் 1941இல் நடக்கும் ஒரு காட்சி வரும். அப்பாவுக்குப் பிறந்தநாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன் என்று மைக்கேல் சொல்ல, சண்டை. அப்பா வந்துவிட்டார் என்றதும் மற்றவர்கள் எழுந்து ஓட, இவன் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறான். அப்பாவை நாம் பார்ப்பதே இல்லை, வாழ்த்துச் சத்தம் மட்டும் கேட்கிறது. முதல் படத்தில் அப்பாவாக நடித்த மார்லன் பிராண்டோ வந்து நடிக்க வேண்டிய காட்சி அது. அவர் வரவில்லை, அதனால் மாற்றி எடுத்தார்கள். வந்திருந்தால் நம் கண் அவர்மேல்தான் இருந்திருக்கும், மைக்கேலைக் கவனித்திருக்க மாட்டோம்.

மூன்றாம் பாகம்? – அதே கார்த்திக்

1990இல் வந்தது. பாக்கி எல்லாம் தீர்ந்த பிறகு கடையைத் திறந்து வைத்த மாதிரி. ஒரு தடவை பார்க்கலாம்.

தமிழில் முதல் இரண்டாம் பாகம் எது ஐயா? – செல்வி, நாமக்கல்

பொதுவாகச் சொல்வது 'ஜப்பானில் கல்யாணராமன்', 1985. 1979இல் வந்த 'கல்யாணராமன்' படத்தின் தொடர்ச்சி. கமல் அதே ஆள், இயக்குநர் மட்டும் ஜி.என்.ரங்கராஜனிலிருந்து எஸ்.பி.முத்துராமன். முதல் படத்தில் எத்துப்பல் கல்யாணம் செத்துப்போய் ஆவியாக வருவதில் ஒரு பாவமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. இரண்டாவதில் ஊர்தான் புதிது.

'இந்தியன் 2' எங்கே சறுக்கியது? முதல் படத்தின் முடிவிலேயே திரும்பி வருவேன் என்று தாத்தா போன் பண்ணினாரே. அதுவும் பாக்கிதானே? – முரளி, தாம்பரம்

நல்ல பிடி பிடித்தீர்கள் முரளி. கதவைத் திறந்து வைப்பது வேறு, பாக்கி வைப்பது வேறு. 1996 படத்தில் அந்தத் தாத்தா சேனாபதியின் உண்மையான கணக்கு வீட்டுக்குள் இருந்தது. லஞ்சம் கொடுக்க மாட்டேன் என்றதால் தீக்காயத்தோடு கிடந்த மகளைப் பறிகொடுத்தவர். மகன் லஞ்சம் வாங்கிக்கொண்டு பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குச் சான்றிதழ் கொடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாகிறார்கள். பெற்ற மகன் என்று பார்க்காமல் அவனையும் கொல்கிறார். அந்த இடத்தில் கணக்கு நேராகிவிட்டது. போன் வந்தது வெறும் கைதட்டலுக்கு.

2024இல் அவர் வரும்போது அவரிடம் இழப்பதற்கு என்ன இருந்தது? ஊரெல்லாம் சுற்றி வர்மத்தால் ஆட்களைக் குத்துகிறார், அவ்வளவுதான். வயசும் ஒரு தொல்லை. நேதாஜி படையில் இருந்தவர், நூறைத் தாண்டியிருக்க வேண்டும். அதைக்கூட ரசிகன் மன்னிப்பான், 'ரஜினி சுவரை உடைக்கலையா' என்று விட்டுவிடுவான். மன்னிக்காதது இதை: படம் முடியும் இடத்தில் மூன்றாம் பாகத்துக்கான டிரெய்லர் ஓடியது. காசு கொடுத்துப் பார்த்த படத்தைவிட அந்த ரெண்டு நிமிஷம் நன்றாக இருக்கும்போல என்று நினைக்க வைத்தால் வெளியே வருகிறவன் என்ன சொல்வான்?

அப்புறம், முதல் படத்தின் வசனம் சுஜாதா. 2008இலேயே போய்விட்டார். அந்த இடம் காலியாக இருப்பது காதில் கேட்கிறது.

முன்கதைப் படங்கள் ஏன் பெரும்பாலும் ஒட்டுவதில்லை? 'பில்லா 2' எனக்குப் பிடிக்கும், ஆனால் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. – அஜித் ரசிகன் ஒருவன், தூத்துக்குடி

தம்பி, வீட்டில் இருப்பவர்களை விடுங்கள். எனக்கும் அந்தப் படத்தின் முதல் இருபது நிமிடம் பிடிக்கும்.

முன்கதைக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆள் சாக மாட்டான் என்று டிக்கெட் வாங்கும்போதே தெரியும். அதனால் 'பிழைப்பானா' என்ற கேள்வி அங்கே செல்லாக்காசு. 'இவன் எப்படி இப்படி ஆனான்' என்பது ஒன்றுதான் மிச்சம். 2007 பில்லாவில் கோட்டு, கண்ணாடி, நடை எல்லாம் முழுசாக வந்து நின்றது. அவன் யார், எங்கிருந்து வந்தான் என்று தெரியாததுதான் அவனுடைய கெத்து. 2012இல் அவனை இலங்கையிலிருந்து அகதியாக வந்தவனாகக் காட்டினார்கள். அடேயப்பா, இதுதான் கதை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அது ஓரமாகப் போய், துப்பாக்கியும் கடத்தலுமாக, எந்த டானுக்கும் பொருந்துகிற கதையாகிவிட்டது. தங்கம் கிடைத்தும் கவரிங்காகப் பண்ணிவிட்டார்கள்.

ஸ்டார் வார்ஸ் முன்கதைகள் மூன்றிலும் (1999, 2002, 2005) இதே பாடம்தான். அதில் வரும் சின்னப் பையன் பின்னால் பெரிய வில்லன் டார்த் வேடர் ஆவான் என்று குழந்தைக்கும் தெரியும். முதல் இரண்டு படமும் அந்தத் தெரிந்த விஷயத்தை இழுத்துக்கொண்டே போகின்றன. மூன்றாவதில், தெரிந்த முடிவை நோக்கி அவன் போகப் போக 'வேண்டாம்டா' என்று நமக்கே கத்தத் தோன்றுகிறது. முன்கதையை அப்படித்தான் எடுக்க வேண்டும்.

'சிங்கம்', 'காஞ்சனா', 'அரண்மனை' எல்லாம் பாகம் பாகமாக ஓடுகின்றனவே சார். அவற்றில் என்ன பாக்கி? – ஷர்மிளா, காரைக்குடி

காஞ்சனாவும் அரண்மனையும் வேறு சாதிச் சரக்கு அம்மா. 'முனி' 2007இல் வந்தது, அதன் பெயரைப் பிடித்துக்கொண்டே 2011இல் 'காஞ்சனா'. தொடர்கதை கிடையாது. அதே கடை, அதே மாஸ்டர், அதே பரோட்டா. சால்னா மட்டும் மாறும். குடும்பத்தோடு வருகிறவன் அதைத்தான் கேட்கிறான். பேய்க்குப் பயந்து அம்மா இடுப்பில் லாரன்ஸ் ஏறினால் தியேட்டரே குலுங்கும். ஒப்பிட்டுப் பேச அங்கே ஒன்றுமில்லை.

சிங்கத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 2010 படம் முடியும்போது துரைசிங்கம் வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குப் போகிறார். ஆனால் அது வெளியே காட்டுவதற்குத்தான், உள்ளே ரகசிய வேலை. 2013இல் இரண்டாம் பாகம் அங்கேயே தொடங்கி, பள்ளிக்கூடத்தில் என்சிசி அதிகாரியாக நிற்கிறார். பாக்கியை ஒழுங்காக எழுதி வைத்து, சொன்ன தேதியில் வந்து வாங்கிய இயக்குநர் ஹரி. சத்தம் அதிகம்தான், அது வேறு விஷயம்.

'பாகுபலி', 'பொன்னியின் செல்வன்', 'விடுதலை' இரண்டாம் பாகங்களை இந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா? – நந்தகுமார், சேலம்

மாட்டேன். அவை நீளமான இடைவேளை விட்ட ஒரே படங்கள்.

தயாரிப்பாளர்களுக்கு இதெல்லாம் தெரியாதா? ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்? – பிரபு, ஓசூர்

தெரியும். பெயருக்குத்தான் காசு, பிரபு. புதுப் படம் என்றால் 'இது என்ன படம்' என்று சொல்லிப் புரியவைக்கவே விளம்பரத்தில் பணம் கரையும். ஓடிய படத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு '2' போட்டால் அந்த வேலை முடிந்தது. விநியோகஸ்தருக்கும் விலை சொல்ல வசதி. மினிமம் கியாரண்டியில் எடுத்தால் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், வசூல் குறைந்தால் அவர் தலையில்தான் விடியும். முதல் பாகம் என்ன வசூலித்தது என்ற தாளை மேசையில் வைத்து அதற்குமேல் பேசுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு இரண்டாம் பாகத்தை விநியோகத்துக்கு எடுத்தார். படம், பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குக் கவுன்ட்டர் கம்பி வளைகிற அளவு கூட்டம். சனி, ஞாயிறும் பழுதில்லை. திங்கள்கிழமை காலைக் காட்சிக்கு நான் போனபோது கேன்டீன் பையன் சமோசா தட்டை மூடியே வைத்திருந்தான். 'என்னடா' என்றேன். 'பதினேழு பேருண்ணே, போட்டா வீணாப்போகும்' என்றான். முதல் மூன்று நாள் முதல் படத்துக்கு வந்த கூட்டம், நாலாவது நாள் வருவதுதான் இந்தப் படத்துக்கான கூட்டம்.

'த்ரிஷ்யம் 2' முதல் படத்துக்கு ஈடா? – பாத்திமா, நாகூர்

ஈடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நேர்மையான இரண்டாம் பாகம். 2013 படத்தின் கடைசி நொடியில், குடும்பத்தைக் காப்பாற்ற நாயகன் ஒளித்த உடல் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது: புதுப் போலீஸ் ஸ்டேஷன் தரைக்குக் கீழே. நாம் கைதட்டினோம். ஜீத்து ஜோசப் 2021இல் அந்தக் கைதட்டலையே பிரச்சனையாக்கினார். அன்று ராத்திரி அவன் அங்கிருந்து வெளியே வந்ததை ஒருத்தன் பார்த்திருக்கிறான். தப்பித்தார்கள் என்று நாம் நினைத்த குடும்பத்தில் மூத்த பெண்ணுக்கு போலீஸைப் பார்த்தாலே வலிப்பு வருகிறது. முதல் ஒரு மணி நேரம் மெதுவாகப் போகிறது என்று பலர் திட்டினார்கள். எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் படம். மீதி கெட்டிக்காரத்தனம்.

பத்து, இருபது வருடம் கழித்து எடுப்பது நல்லதா கெட்டதா? – ராஜேந்திரன், தஞ்சாவூர்

ஐயா, 'டாப் கன்' 1986, 'மேவரிக்' 2022. நடுவில் 36 வருடம். முதல் படத்தில் விமானத்தில் கூட இருந்த நண்பன் கூஸ் சாகிறான். இரண்டாவதில் அவன் மகன் மீசையோடு எதிரில் வந்து நிற்கிறான், டாம் குரூஸ் முகத்தில் குற்ற உணர்ச்சி. வருடம் கூடக் கூட வட்டியும் ஏறியிருக்கிறது. முதல் படத்தைவிட இது நல்ல படம் என்பது என் கட்சி.

நம் பக்கம் 'அமைதிப்படை', 1994. ஓட்டு எண்ணிக்கைச் செய்தி வர வர, நுனியில் பவ்யமாக உட்கார்ந்திருந்த அமாவாசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு நாகராஜ சோழனாக மாறுகிற அந்த ஒரு காட்சிக்கு ஈடு இன்றைக்கும் இல்லை. 19 வருடம் கழித்து 'நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.' வந்தது. சத்யராஜ் அதே நக்கலோடுதான் இருந்தார். ஆனால் அமாவாசை ஏற்கெனவே சாய்ந்து உட்கார்ந்துவிட்டானே, இனி எங்கே சாய்வது? மணிவண்ணன் இயக்கிய கடைசிப் படம் அது. வெளியான அடுத்த மாதமே அவர் போய்விட்டார். அதனால் அந்தப் படத்தைத் திட்ட மனசு வருவதில்லை.

பையனுக்கு 14 வயது. டெர்மினேட்டர் இரண்டாம் பாகம்தான் சூப்பர் என்கிறார்கள். நேராக அதையே காட்டிவிடலாமா அண்ணா? – கவிதா, கோவை

வேண்டாம்மா. 1984 படத்தில் அர்னால்டு துரத்தித் துரத்திக் கொல்ல வருகிறவர். 1991இல் அதே முகம் வரும்போது அந்தப் பயம் மனதில் இருந்தால்தான், அவர் பையனைக் காப்பாற்ற வந்தவர் என்று தெரிகிற இடம் தூக்கிப்போடும். அந்தக் காலத்தில் விளம்பரத்திலேயே அதைப் போட்டு உடைத்துவிட்டார்கள். உங்கள் பையனுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது, நீங்களும் வாயைத் திறக்காதீர்கள். முதல் படத்தில் ரத்தம் கொஞ்சம் அதிகம், நடுவில் ஒரு படுக்கையறைக் காட்சியும் உண்டு. ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும்.