குவாசூலு-நட்டால் செல்ஃப் டிரைவ்: காடு, கடல், சூலு ஊருங்க பத்தி கேளுங்க, சொல்றேன்

வணக்கம் மக்களே. போன வாரம் சவுத் ஆப்பிரிக்கா பேச்சு வந்தப்ப எல்லாரும் க்ரூகர் காடு, கேப் டவுன்னே சொல்லிட்டிருந்தீங்க, சூலு மக்களோட மண்ணான எங்க குவாசூலு-நட்டால் மாகாணத்தை மறந்துட்டீங்களேன்னு ஒரு வார்த்தை சொல்லப்போய் கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. எனக்கு டர்பன்லதான் வேலை, குடித்தனம் எல்லாம். சேர்ந்தாப்ல ரெண்டு மூணு நாள் லீவு கிடைச்சா காரை எடுத்துட்டு வடக்கே கிளம்பிடுவோம். தெரிஞ்சதை சொல்றேன்.

சேலம் செந்தில்: அக்கா, மே மாசம் 10 நாள் லீவு, நாலு பேர். க்ரூகர், டிராகன்ஸ்பர்க் மலை, டர்பன், கேப் டவுன் எல்லாம் கார்லயே கவர் பண்ணிடலாமா?

பண்ணலாம் தம்பி, ஆனா திரும்பி வந்து ரோடு எப்படி இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்ல முடியும். பாதியை வெட்டுங்க. டர்பன் ஏர்போர்ட் ஊருக்கு வடக்கேதான் இருக்கு, இறங்கி கார் எடுத்ததும் என்2 ஹைவேல நேரா வடக்கே போனா ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துல ம்டுபாடுபான்னு ஒரு ஊர். அங்க இடது பக்கம் திரும்பினா ஹ்லுஹ்லுவே-இம்ஃபலோசின்னு வனவிலங்கு பார்க், வலது பக்கம் திரும்பினா செயின்ட் லூசியாங்கற கடலோர ஊர். பார்க்கோட நியாலாசி கேட்ல இருந்து செயின்ட் லூசியா ஒரு மணி நேரம்தான். யானை பார்த்துட்டு அதே நாள் கடல்ல கால் நனைக்கற மாதிரி இடம் உலகத்துல எத்தனை இருக்கு சொல்லுங்க. பார்க்குல மூணு ராத்திரி, செயின்ட் லூசியால மூணு, பழைய சூலு தலைநகர் இருந்த உலுண்டி பக்கம் ரெண்டு, மிச்சம் டர்பன். தினம் ஒரு ஹோட்டல்னு பெட்டி கட்டிட்டு ஓடாதீங்க, அதான் எல்லாரும் இங்க பண்ற தப்பு.

கோவை ரம்யா: இந்திய லைசென்ஸ் போதுமா? எந்த கார் எடுக்கறது, 4x4 கட்டாயமா?

லைசென்ஸ் இங்கிலீஷ்ல இருந்தா, அதுல போட்டோவும் கையெழுத்தும் இருந்தா சட்டப்படி செல்லும், ஆனா ரென்டல் கவுன்ட்டர்ல சில பேர் இன்டர்நேஷனல் பர்மிட் கேட்டு நிப்பாங்க, அதனால ஊர்லயே ஆர்டிஓல போட்டு வாங்கிட்டு வந்துடுங்க. டிரைவர் பேர்லயே கிரெடிட் கார்டு இருக்கணும், டெபாசிட்னு ஒரு பெரிய தொகையை பிளாக் பண்ணுவாங்க, லிமிட் பத்தலைன்னா அங்கயே மாட்டிக்குவீங்க. டயரும் கண்ணாடியும் சேர்ந்த இன்ஷூரன்ஸா எடுங்க, கிராவல் ரோட்ல கல்லு பறக்கும்.

4x4 வேண்டாம். பார்க்குல மெயின் ரோடு தார், உள்ள கிளை ரோடு கிராவல், சாதா கார் தாராளமா போகும். கொஞ்சம் உயரமான வண்டின்னா புல்லுக்கு மேல எட்டிப் பார்க்கலாம், அவ்ளோதான் லாபம். மணல்ல இறங்கற இடம்னா வடக்கே கோசி பே, அங்க கடல் முகத்துவாரத்துக்கு 4x4 இல்லாம போகாதீங்க, லாட்ஜ்காரங்களே கூட்டிட்டு போவாங்க.

இங்கயும் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும். பெட்ரோல் நீங்க போட வேண்டாம், ஆள் வந்து போட்டு கண்ணாடியும் துடைச்சு விடுவாரு, சில்லறை டிப்ஸ் குடுங்க. பின்னாடி வேகமா வர்றவனுக்கு ஓரம் ஒதுங்கி வழி விட்டா தாண்டினதும் ஹசார்ட் லைட்டை ரெண்டு தட்டு தட்டுவான், அது நன்றி. நீங்களும் பதிலுக்கு ஹெட்லைட்டை ஒரு தடவை மினுக்குங்க. பழகினப்புறம் நம்ம ஊருக்கு வந்து அதே மாதிரி பண்ணா அடிக்க வந்துடுவாங்க.

ஆவடி பிரபு: நெட்ல போட்டோ பார்த்தேன், அந்த பார்க்குல காண்டாமிருகத்துக்கு கொம்பே இல்ல. நோயா?

நோய் இல்ல பிரபு, வேணும்னே வெட்டினது. விஷயம் பெருசு, கொஞ்சம் நீளமாவே சொல்றேன். 1895லயே காப்புக்காடா அறிவிச்ச இடம் இது, ஆப்பிரிக்காவிலேயே ரொம்ப பழசுல ஒண்ணு. அந்த காலத்துல தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் அழிஞ்சே போச்சுன்னு நினைச்சப்ப கையளவு மிருகம் மிச்சம் இருந்தது இந்த இம்ஃபலோசி பக்கம்தான். 1960கள்ல இயன் பிளேயர்ங்கற வனப் பாதுகாவலரும் கூட இருந்தவங்களும் மயக்க ஊசி போட்டு புடிச்சு க்ரூகருக்கும் வேற நாடுகளுக்கும் அனுப்பினாங்க. இன்னிக்கு நீங்க எங்க தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் பார்த்தாலும் அதோட பாட்டன் பூட்டன் இந்த ஊருதான்.

அப்புறம் கொம்புக்காக சுடற கூட்டம் இங்க திரும்புச்சு. 2023ல மட்டும் இந்த மாகாணத்துல 300க்கு மேல போச்சு, அதுல பெரும்பாலும் இந்த ஒரே பார்க்குல. அதனால 2024ல கொம்பை வெட்ட ஆரம்பிச்சாங்க. நம்ம நகம் மாதிரிதான், மயக்கம் குடுத்து வெட்டினா வலிக்காது, திரும்ப வளரும். போட்டோ அழகா இல்லையேன்னு சில பேர் புலம்பறாங்க, எனக்கு அந்த புலம்பல் புரியவே மாட்டேங்குது, உயிரோட நிக்குதே. இன்னொண்ணு, காண்டாமிருக போட்டோ போட்டா லொகேஷனை ஆஃப் பண்ணிட்டு போடுங்க, எங்க பார்த்தீங்கன்னு கமென்ட்ல யாராவது கேட்டாலும் சொல்லாதீங்க.

ரெண்டு பசங்க அம்மா: நாமளே ஓட்டறப்ப யானை குறுக்க வந்தா என்ன பண்றது? பசங்க வேற கத்துவாங்க.

பார்க்குல ஸ்பீட் லிமிட் 40, நான் 25க்கு மேல போறதே இல்ல, வேகமா போனா ஒண்ணும் கண்ணுல படாது. வளைவு திரும்பி யானை நின்னா அங்கயே நிறுத்துங்க, கிட்ட போகாதீங்க. ஆண் யானை, கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல ஈரமா வழியுது, பின்னங்கால் நனைஞ்சிருக்குன்னா அது மதம், ஒண்ணும் யோசிக்காம மெதுவா ரிவர்ஸ் எடுங்க. இன்ஜினை ஆஃப் பண்ணாதீங்க, ஹாரன் வேண்டவே வேண்டாம். நமக்கு ஹாரன் மேல கை தானா போகும், அதுக்குதான் சொல்றேன். போர்டு வெச்ச பிக்னிக் இடம் தவிர எங்கயும் கதவைத் திறக்கக் கூடாது, பையனுக்கு அவசரம்னாலும் பாட்டில்தான்.

தங்க முக்கியமா ரெண்டு கேம்ப். ஹில்டாப் மலை மேல, வேலி போட்டது, சின்ன பசங்க இருந்தா அது. ம்பிலா கேம்ப்புக்கு வேலி கிடையாது, சாயங்காலம் கறி சுட ஆரம்பிச்சா கழுதைப்புலி வந்து வெளிச்சம் முடியற இடத்துல நின்னு பார்த்துட்டிருக்கும், தட்டை வெச்சுட்டு உப்பு எடுக்க உள்ள போனீங்கன்னா தட்டு உங்களுது இல்ல. எனக்கு ம்பிலாதான் உசுரு, ஆனா மூணு வயசு குழந்தையோட போகச் சொல்ல மாட்டேன். ரெண்டும் எசெம்வேலோங்கற மாகாண வனவிலங்கு அமைப்பு நடத்தறது, முன்னாடியே புக் பண்ணிடுங்க.

நாகை கடல்புறா: பீச்னா எது? நீச்சல் அடிக்கலாமா, சுறா இருக்காமே.

டர்பன் பீச்சுங்கள்ல சுறாவுக்கு வலை போட்டிருக்காங்க, லைஃப்கார்டு இருப்பாங்க, குளிக்கணும்னா அங்க. செயின்ட் லூசியால ஆறு கடல்ல சேர்ற இடத்துல முதலை, நீர்யானை, சுறா மூணும் உண்டு, அங்க கால் வைக்கறது கூட வேண்டாம். ராத்திரி நீர்யானை ஊருக்குள்ளயே ரோட்ல நடக்கும், சாப்பிட்டு வர்றப்ப செல்போனை நோண்டாம முன்னாடி பார்த்து நடங்க, ரூமுக்கு கார்லயே போயிட்டா இன்னும் நல்லது.

அழகுன்னா கேப் விடல் பீச். செயின்ட் லூசியால இருந்து பங்காசி கேட் வழியா முப்பத்தஞ்சு கிலோமீட்டர் போல, வழி முழுக்க காடுதான், எருமை, கூடு மான் எல்லாம் பார்த்துட்டே போய் பெரிய மணல்மேடு தாண்டினா கடல். சுறா வலை கிடையாது, ஆனா தண்ணி வத்தற நேரம் பாறைக்கு உள்பக்கம் ஆழமில்லாத இடத்துல மீன் பார்க்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை கார்னு கணக்கு வெச்சு விடறாங்க, விடிகாலைல கேட்ல நில்லுங்க. கார்ல கண்ணாடியை ஏத்தாம இறங்கினா குரங்கு சாப்பாட்டை காலி பண்ணிடும். இதெல்லாம் இசிமங்கலிசோ பார்க்குக்குள்ள, 1999ல உலக பாரம்பரிய இடமா அறிவிச்சது. ஸ்கூபா தெரிஞ்சா சோட்வானா பே போங்க.

திருச்சி ஜெய்: சூலு கலாச்சாரம்னா டான்ஸ் ஷோ பார்க்கறதுதானா? காசு வேஸ்ட்னு நண்பன் சொன்னான்.

ஷோ பார்க்கறதை தப்புன்னு சொல்லல ஜெய், அந்த கால் உதையை நேர்ல பார்த்தா தரை அதிரும். ஆனா அதோட நிறுத்தினா பாதிதான். பார்க்குல இருந்து மேற்கே செங்கேனி கேட் வழியா வெளிய வந்தா கொஞ்ச தூரத்துல உலுண்டி, அங்க ஒண்டினின்னு கெச்வாயோங்கற சூலு ராஜாவோட தலைநகர் இருந்த இடம். 1879 ஜூலை 4ந்தேதி பிரிட்டிஷ்காரன் கொளுத்திட்டான். குடிசைங்க எரிஞ்ச சூட்டுல மண்ணும் சாணியும் போட்டு மெழுகின தரை சுட்ட செங்கல் மாதிரி இறுகிப் போச்சு, பின்னாடி தோண்டினவங்களுக்கு அந்த வட்டத் தரைங்க அப்படியே கிடைச்சுச்சு. அழிக்கணும்னு வெச்ச தீயே காப்பாத்திருச்சு. மேல திரும்ப குடிசை கட்டி வெச்சிருக்காங்க, குனிஞ்சுதான் உள்ள போகணும்.

அங்க இருந்து இசாண்ட்ல்வானா, சூலு படையும் பிரிட்டிஷ் படையும் மோதின போர்க்களம். 1879 ஜனவரி 22, கிட்டத்தட்ட 20,000 சூலு வீரங்க, பிரிட்டிஷ் பக்கம் 1,300க்கு மேல செத்தாங்க. புல்வெளில அங்கங்க வெள்ளையடிச்ச கல் குவியல், ஒவ்வொண்ணும் செத்தவங்களை புதைச்ச இடம். சூலு வீரங்களுக்கு வெங்கலத்துல ஒரு வீர மாலை நினைவுச்சின்னம். தயவுசெஞ்சு லோக்கல் கைடு வெச்சுக்கோங்க, கைடு இல்லாம போனா அது வெறும் மலையும் கல்லும். சூலு கைடா பார்த்து கேளுங்க, தாத்தா சொன்ன கதைன்னு ஆரம்பிப்பாங்க.

வீடுகளுக்குப் போனா: "சாவுபோனா"ன்னு வணக்கம் சொல்லிட்டுதான் எதையும் கேக்கணும், வழி கேக்கறதா இருந்தாலும். எதையும் வாங்கறப்ப வலது கையை நீட்டி இடது கையால முழங்கை பக்கம் தொட்டுக்கோங்க. போட்டோவுக்கு கேட்டுட்டு எடுங்க.

சைவம் மட்டும்: சாப்பாட்டுக்கு என்ன வழிங்க?

டர்பன்ல கவலையே இல்ல, பீன்ஸ் பன்னி சௌ கேளுங்க, பிரெட்டை குடைஞ்சு உள்ள காரக் குழம்பு ஊத்தி குடுப்பாங்க, கால் பிரெட்டே வயிறு ரொம்பிடும். வடக்கே போனா கறிதான் ராஜ்யம். கேம்ப் வீட்ல கிச்சன் இருக்கும், டர்பன்ல அரிசி பருப்பு மசாலா வாங்கி டிக்கில போட்டுக்கோங்க.

புதுக்கோட்டை மணி: அங்க நம்ம ஆளுங்க நிறைய பேராமே, உண்மையா?

உண்மை. 1860 நவம்பர் 16, மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோன்னு கப்பல் டர்பன்ல வந்து நின்னுச்சு, கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிங்க. 1911 வரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேல வந்தாங்க, பாதிக்கு மேல தமிழ், தெலுங்கு பேசறவங்க. நீங்க என்2ல வடக்கே போறப்ப ரெண்டு பக்கமும் வர்ற கரும்புக் காடு அவங்க வெட்டினதுதான். பிள்ளை, கவுண்டர், நாயுடு, மூடலின்னு பேர் இருக்கும், பெரும்பாலும் தமிழ் பேச வராது, ஆனா காவடி வந்தா அலகு குத்திட்டு நடப்பாங்க. ஊருக்கு திரும்பறதுக்கு முன்னாடி உம்கேனி ரோடு கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க.

பயந்தாங்கொள்ளி: மலேரியா? திருட்டு?

செயின்ட் லூசியா, ஹ்லுஹ்லுவே பக்கம் மலேரியா ரிஸ்க் கம்மி, மொசாம்பிக் பார்டர் பக்கம் போகப்போக கூடும். மாத்திரை வேணுமான்னு டாக்டரைக் கேளுங்க, கொசு கிரீம் கட்டாயம். திருட்டுக்கு ஒரே விதி, இருட்டினப்புறம் ஹைவேல இருக்காதீங்க. திருடனை விடுங்க, ரோட்ல மாடு படுத்திருக்கும். கார்ல பையை கண்ணுக்கு தெரியற மாதிரி வைக்காதீங்க, சிக்னல்ல கண்ணாடி ஏத்தியே இருக்கட்டும்.

மதுரை கண்ணன்: எப்ப வர்றது? அப்படியே சுவாசிலாந்தும் ஓட்டிட்டு வந்துடலாமா?

மிருகத்துக்கு மே முதல் செப்டம்பர், புல் காஞ்சு தண்ணி இருக்கற இடத்துக்கு எல்லாம் வந்து நிக்கும், ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் வேணும். திமிங்கலம் ஜூன்ல இருந்து நவம்பர். ஆமை முட்டையிடறது நவம்பர்ல ஆரம்பிக்கும், குஞ்சு வெளிய வர்றது மார்ச் வரைக்கும். டிசம்பர்ல வராதீங்க, ஜோகனஸ்பர்க்கே காலியாகி எங்க பீச்ல வந்து உக்காந்திருக்கும். சுவாசிலாந்துக்கு, இப்ப எஸ்வாட்டினி, ரென்டல் கம்பெனி கிட்ட பார்டர் லெட்டர் முன்கூட்டியே வாங்கணும், உங்க சவுத் ஆப்பிரிக்கா விசா மல்டிபிள் என்ட்ரியான்னும் பாருங்க. சிங்கிள் என்ட்ரில வெளிய போயிட்டா திரும்ப உள்ள விட மாட்டாங்க கண்ணன்.