மூவர் சொல்வது மூன்று விதம்: காணாமல் போன தம்பியின் வழக்கில் எது சாட்சியமாகும்?

கேள்வி: 29 வயதான என் தம்பியை ஏழு வாரங்களாகக் காணவில்லை. வாடகை அறையில் தனியாகத் தங்கி வேலைக்குப் போய்வந்தான். கடைசியாக ஒரு மாலை, இரு நண்பர்களுடன் வெளியே போவதாக எனக்குப் போனில் சொன்னான். இரவு பத்து மணிக்கு அவனைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டதாக ஒரு நண்பர் மூன்றாம் நாள் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். காவல் நிலையத்திலோ, அன்று அவனைப் பார்க்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறார். மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டதாகவும், தம்பி நடந்தே அறைக்குத் திரும்பியதாகவும் மற்றவர் சொல்கிறார். மறுநாள் விடியற்காலையில் பையோடு கிளம்பிப் போனான் என்கிறார் வீட்டு உரிமையாளர் அம்மாள். "அவராகத்தான் போயிருக்கிறார், வந்துவிடுவார்" என்கிறார்கள் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்த போலீசார். முரணாகப் பேசுவதே குற்றத்துக்குச் சான்று ஆகாதா? அந்த இருவரையும் உண்மை கண்டறியும் சோதனைக்கு உட்படுத்த முடியுமா? ஆட்கொணர்வு மனு போடலாமா?

பதில்: ஒருவர் மாற்றிப் பேசுவது அவர்மீது சந்தேகத்தை எழுப்பும், ஆனால் அதுவே குற்றத்தை நிரூபித்துவிடாது. பொய்யான விளக்கம் என்பது, மற்றச் சூழ்நிலைச் சான்றுகள் சங்கிலியாக முழுமை பெற்றிருக்கும்போது கூடுதல் கண்ணியாகச் சேரலாமே ஒழிய, அறுந்து கிடக்கும் சங்கிலியை அதைக் கொண்டு இணைக்க முடியாது என்று சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் (1984) உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்தச் சங்கிலி உங்கள் வழக்கில் இன்னும் தொடங்கவே இல்லை. எனவே மூவரில் யார் பொய் சொல்கிறார் என்று நீங்கள் முடிவு கட்ட முயலாமல், ஒவ்வொருவர் கூற்றிலும் பதிவேடு, கருவி, பொருள் ஆகியவற்றைக் கொண்டு சரிபார்க்கக்கூடிய பகுதி எது என்று பிரித்து, அதைச் சரிபார்க்கும்படி எழுத்து மூலம் கேட்பதே இப்போது செய்ய வேண்டியது.

எல்லா முரண்பாடும் ஒரே எடை உள்ளதன்று. சாட்சியின் நினைவு படம்பிடிக்கும் கருவி அல்ல, நேரம் குறித்த சிறு வேறுபாடுகளைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று பர்வாடா போகின்பாய் வழக்கில் (1983) சொல்லப்பட்டது. பத்து மணியா, பத்தரையா என்பதை விட்டுவிடுங்கள். "இறக்கிவிட்டேன்" என்பதும் "பார்க்கவே இல்லை" என்பதும் அப்படிப்பட்டவை அல்ல. அவை ஒரே வாயிலிருந்து வந்த, ஒன்றையொன்று முற்றிலும் மறுக்கும் கூற்றுகள்.

இங்கேதான் அந்தக் குரல் பதிவு முக்கியமாகிறது. புலனாய்வின்போது காவல்துறையினரிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது) பிரிவு 181 அதன் பயன்பாட்டையும் மிகவும் சுருக்கிவிடுகிறது. சாட்சியாக வந்து மாற்றிச் சொல்பவரை முரண்படுத்திக் காட்ட மட்டுமே அது பெரும்பாலும் உதவும். உங்களிடம் சொன்னதற்கு அந்தத் தடை கிடையாது. அவர் சாட்சியாகவே இருந்தாலும், நாளை எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) சேர்க்கப்பட்டாலும், தானாக அனுப்பிய அந்தப் பதிவை நீதிமன்றத்தில் முன்வைக்க வழியுண்டு. ஆகவே அந்த உரையாடலை அழிக்காதீர்கள். போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். பிறருக்கு ஃபார்வர்டு செய்த நகலைவிட உங்கள் போனில் உள்ள பதிவே மேலானது. அதை ஒப்படைக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63 மின்னணுப் பதிவுகளுக்குக் கோரும் சான்றிதழும் உடன் இருக்க வேண்டும். இந்தச் சான்றிதழ் இல்லாமல் நல்ல ஆதாரங்கள் வீணாவதை நீதிமன்றங்களில் அடிக்கடி பார்க்கிறோம்.

அடுத்து, உங்கள் குடும்பம் அதிகம் கவனிக்காதது போலத் தோன்றும் வீட்டு உரிமையாளர் அம்மாளின் கூற்று. மூவரில் இதில் எந்த லாப நட்டமும் இல்லாதவர் அவர் ஒருவரே. அவர் சொல்வது உண்மையானால், தம்பி கடைசியாகக் காணப்பட்ட நேரம் மறுநாள் காலைக்கு நகர்ந்துவிடும். நண்பர்கள்மீதான சந்தேகமும் பெருமளவு தளர்ந்துவிடும். கேட்க உங்களுக்குக் கசப்பாக இருக்கலாம், ஆனால் நீதிமன்றம் முதலில் இதைத்தான் கேட்கும். அவர் முகத்தைப் பார்த்தாரா, அல்லது கதவுச் சத்தத்தைக் கேட்டு உங்கள் தம்பிதான் என்று எண்ணிக்கொண்டாரா? எந்த நிறப் பை? வேறொரு நாள் பார்த்ததை இந்த நாளோடு சேர்த்துக்கொண்டாரா? இவற்றை நீங்கள் போய்க் கேட்க வேண்டாம், புலனாய்வு அதிகாரி கேட்கட்டும். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டால், சொல்லிக்கொடுத்த சாட்சி என்று பின்னால் குறுக்கு விசாரணையில் சொல்வார்கள்.

அவர் சொல்வதைச் சோதிக்க அந்த அறையே போதும். வழக்கமாக எடுத்துச் செல்லும் பை அங்கே இருக்கிறதா? போன் சார்ஜர் சுவரில் மாட்டியபடியே கிடக்கிறதா? பல் துலக்கும் பிரஷ், மாத்திரைகள், வேலை அடையாள அட்டை? ஊருக்குக் கிளம்புகிறவன் எடுத்துச் செல்வன எல்லாம் அறையிலேயே இருந்தால், அந்தக் காலைப் புறப்பாட்டைப் பற்றி வேறு விதமாக யோசிக்க வேண்டும். வாடகை பாக்கி என்று அறையைக் காலி செய்யச் சொன்னாலும், போலீசார் வந்து பார்த்து மகஜர் (பார்வையிட்டதன் பதிவு) எழுதும் வரை ஒரு பொருளையும் நகர்த்தாதீர்கள்.

மூவருடைய கூற்றையும் ஒரே மூச்சில் உரசிப் பார்க்கும் ஆவணம் கைபேசி அழைப்பு விவரமும் கோபுர இருப்பிடமும்தான். தம்பியின் எண்ணுக்கும் இரு நண்பர்களின் எண்களுக்கும் அந்த இரவுக்கான விவரங்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து பெறக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. 2021 டிசம்பரில் உரிம நிபந்தனைகள் திருத்தப்பட்ட பிறகு, நிறுவனங்கள் இவற்றைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதால் இதில் அவகாசம் இருக்கிறது. கண்காணிப்புக் கேமராவில் அப்படி இல்லை. பெரும்பாலான கருவிகளில் சில வாரங்களிலேயே பழைய காட்சியின் மேல் புதியது பதிவாகிவிடும். ஏழு வாரம் கடந்த நிலையில், பேருந்து நிலையப் பதிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டதா, இல்லையென்றால் கருவியைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப முடியுமா என்று தாமதமின்றிக் கேளுங்கள்.

மாற்றிப் பேசுபவர்களை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் சத்தியப் பிரமாணத்தின் பேரில் பேசவைக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 183இன் கீழ் அது முடியும். ஆனால் நீங்களோ சாட்சியோ நேரடியாக நடுவரிடம் போக முடியாது, புலனாய்வு அதிகாரி மூலமே செல்ல வேண்டும் என்று ஜோகேந்திர நாஹக் வழக்கில் (1999) தீர்ப்பாகியுள்ளது. வீட்டு உரிமையாளர் அம்மாளின் வாக்குமூலத்தை அவ்வாறு பதிவு செய்யும்படி அதிகாரிக்கு மனு கொடுக்கலாம். நண்பர்களைப் பொறுத்தவரை அவர்கள் சாட்சிகளா, சந்தேக நபர்களா என்பதைக் காவல்துறை முதலில் தீர்மானிக்கட்டும்.

உண்மை கண்டறியும் சோதனை என்ற எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சம்மதமின்றி எவரையும் பாலிகிராஃப், நார்கோ சோதனைகளுக்கு உட்படுத்தக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் விதித்துவிட்டது. சம்மதித்தாலும் சோதனையின் முடிவு தானாகச் சான்றாகாது.

ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். எவருடைய சட்டவிரோதக் காவலில் இருக்கிறார் என்று நீதிமன்றம் கேட்கும். யாரையும் குறிப்பிட முடியாத வெறும் காணவில்லை வழக்குகளில், புலனாய்வு நடக்கிறது என்று சொல்லி மனுவை முடித்துவைப்பதும் உண்டு. குரல் பதிவின் எழுத்து வடிவத்தை இணைத்து, அந்த நண்பர் கடைசியாக உடனிருந்ததை முதலில் ஒப்புக்கொண்டு பிறகு மறுத்தார் என்பதைத் தெளிவாகச் சொன்னால், காவல்துறையிடம் நிலை அறிக்கை கேட்கப்படுவதற்கான வாய்ப்பு கூடும். அதற்கு முன், புதிய தகவல்களுடன் கடத்தல் தொடர்பான பிரிவைச் சேர்க்கக் கோரும் மனுவைக் காவல் நிலையத்திலும் மாவட்டக் கண்காணிப்பாளரிடமும் (மாநகரமாயின் ஆணையரிடம்) கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் புகாரின் நகலையும் ஒருமுறை படியுங்கள். கேள்விப்பட்டதை நேரில் கண்டது போல எழுதியிருந்தால், அதை மறைக்கவோ புதுப் புகார் எழுதவோ வேண்டாம். "இதை இன்னார் சொல்லி அறிந்தேன்" என்று கூடுதல் வாக்குமூலம் கொடுத்தால் போதும். நண்பர்களைக் கூட்டி வைத்துப் பேசவைப்பதும் வேண்டாம், அந்தப் பேச்சில் அவர்கள் கூற்றுகள் ஒன்றாகிவிடலாம். சொல்லவே கடினமான இன்னொன்று: அடையாளம் தெரியாத உடல்களின் பட்டியலோடு ஒப்பிட, பெற்றோரின் டி.என்.ஏ. மாதிரியை எடுத்து வைக்கும்படி கேளுங்கள். அது நம்பிக்கையைக் கைவிடுவது ஆகாது.

புலனாய்வின் நிலையைப் புகார்தாரருக்கு 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அதே சன்ஹிதாவின் பிரிவு 193 சொல்கிறது. அந்தக் கெடு உங்களுக்கு இன்னும் சில வாரங்களில் வருகிறது. பதில் வராவிட்டாலோ, "வந்துவிடுவார்" என்ற அதே பதில் எழுத்தில் வந்தாலோ, உங்கள் மனுக்களின் ஒப்புகைகளையும் பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்து, பிரிவு 175(3)இன் கீழ் நடுவரை அணுகலாம், எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகும் முறையான புலனாய்வு நடப்பதை உறுதி செய்ய நடுவருக்கு அதிகாரம் உண்டு என்பது சகிரி வாசு வழக்கில் (2007) தெளிவாக்கப்பட்டுள்ளது.