வரலாறு படித்தவருக்குச் சிங்கப்பூரில் இடம் உண்டா?

அன்புள்ள தங்கைக்கு வணக்கம். தஞ்சாவூரில் வரலாற்றில் முதுகலை முடித்து, கணவரின் வேலை காரணமாக இங்கு வந்திருப்பதாகவும், சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். கணினியே கட்டுரை எழுதித் தரும் காலத்தில் அந்தப் படிப்புக்கு மதிப்பிருக்குமா, பேசாமல் தரவு அறிவியலுக்கு மாறிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. மாறவேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் ஊரில் படித்த முறையிலேயே இங்கும் படித்துவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2021 முதல் கலைப்புலமும் அறிவியல்புலமும் இணைந்து ஒரே கல்லூரியாக இளங்கலை மாணவரைச் சேர்க்கின்றன. இலக்கியம் படிக்க வந்தவர் தரவுகளைக் கையாளவும், இயற்பியல் படிக்க வந்தவர் வரலாறு, இலக்கியம் போன்ற மனிதவியல் பாடம் ஒன்றைப் படிக்கவும் வேண்டியிருக்கிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன். அதே வேளையில், பல துறைகளையும் பரவலாகப் படிக்கும் தாராளக் கலைக் கல்வியை முன்னிறுத்தி, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இதே பல்கலைக்கழகம் 2013இல் தொடங்கிய யேல்-என்யுஎஸ் கல்லூரி 2025இல் மூடப்பட்டது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே எந்த அமைப்பும் நிலையானது என்று நம்பித் திட்டமிட முடியாது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். தேசிய நூலக வாரியம் பழைய செய்தித்தாள்களை மின்னாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. 1887இல் மகுதூம் சாயபு தொடங்கிய சிங்கைநேசனையும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசையும் படிக்க நேர்ந்தால், மின்னாக்கம் எதைச் செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது என்பது உங்களுக்கே விளங்கும். சிங்கைநேசன் காலத்து அச்சில் லை, னை போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை போல முன்புறம் வளைந்திருக்கும். மையும் பல இடங்களில் மங்கியிருக்கும். அத்தகைய பக்கத்தை, படத்திலுள்ள அச்சைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்தால் சொற்கள் சிதைந்து வரும்; சிதைந்த சொல்லைத் தேடுபெட்டி கண்டுபிடிக்காது. எழுத்துணரி நாளை முழுமையாகத் தேறிவிட்டாலும், கூலியாகக் கப்பலேறி வந்தவரின் பெயர் அந்தப் பக்கங்களில் அரிதாகவே கிடைக்கும். பெயரைத் தட்டினால் முடிவு எதுவும் இல்லை என்று இயந்திரம் சொல்லும். அந்த இல்லாமை எப்படி ஏற்பட்டது, பத்திரிகையை நடத்தியவர் யார், யாருடைய பணத்தில் அது அச்சானது, யாரை வாசகராகக் கருதியது என்றெல்லாம் கேட்பதற்கு ஓர் ஆய்வாளர் வேண்டும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் சரளமான விடை வரும், சில வேளைகளில் இல்லாத நூல்களையே சான்றாகக் காட்டும். மூலத்தைத் திறந்து சரிபார்க்கத் தெரிந்தவர் குறையக் குறைய அந்தப் பொய் நிலைத்துவிடும் என்பதே எனக்குள்ள உண்மையான அச்சம்.

மனிதவியல் படித்தவர் கணினிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கவேண்டியவர் என்ற எண்ணமும் உங்களிடம் தெரிகிறது. இந்த ஊரின் வரலாறே அதற்கு மறுப்பு. இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்க நாள்களில் அதற்காக உழைத்த நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் கற்பித்த சிறுகதை எழுத்தாளர். தமிழ்க் கணிமைக்கென, அதாவது கணினியில் தமிழைப் பயன்படுத்துவதற்கென, 1997இல் நடந்த முன்னோடி மாநாடும் சிங்கப்பூரில்தான் நடந்தது. 2015இல் அரை நூற்றாண்டுத் தமிழ் இலக்கிய நூல்களை மின்னாக்கியதிலும் தொண்டூழியர்களின் பங்கு பெரிது.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசியப் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய ஆய்வுத் துறையையும் வரலாற்றுத் துறையையும் அணுகுங்கள். ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் மாதாந்தரப் படியும் கிடைக்கும். ஆனால் பட்டத்துக்குப் பின் விரிவுரையாளர் பணி உறுதி என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இடங்கள் மிகக் குறைவு. இங்கு வேலை செய்பவரின் குடும்பத்தினருக்குத் தரப்படும் சார்ந்திருப்போர் அட்டையில் இருப்பவர் வேலைக்குச் சேர 2021 மே முதல் பொதுவாகத் தனி வேலை அனுமதி பெறவேண்டும் என்பதால், நூலகம், ஆவணக்காப்பகம், பதிப்பகம் என எங்கு முயன்றாலும் அதை முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குச் செல்லுங்கள். பதிப்புரிமை காரணமாகச் சில நாளிதழ்களை நூலகக் கணினியில் மட்டுமே பார்க்கமுடியும். ஏதேனும் ஒரு மாதத்து இதழ்களை விளம்பரம் விடாமல் படித்து, ஆட்பெயர், ஊர், தொழில், கப்பல் என்று ஒரு விரிதாளில் அட்டவணையிடுங்கள். பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் அந்த அட்டவணையை இணைத்து, அதைத் தொகுக்கும்போது உங்களுக்கு எழுந்த கேள்வி ஒன்றையும் எழுதுங்கள். கணினி நிரல் எழுதக் கற்பதை அதன் பிறகு தொடங்கலாம்; பயிற்சிக்கு அந்த அட்டவணையே போதும்.