பதிவா கட்டுரையா: தில்லி வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

வலைப்பதிவுக்கும் பழைய பாணிக் கட்டுரைக்கும் என்ன வித்தியாசம் என்று நம் தில்லி நண்பர்களிடையே போன வாரம் ஒரு பேச்சு கிளம்பியது. நான் பத்திரிகைக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தவள், தமிழ்ப் பதிவுகள் பெருகிய காலத்திலிருந்து பதிவும் எழுதுகிறவள் என்பதால் கேள்விகள் எல்லாம் என்னிடம் வந்துவிட்டன. எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். விளம்பர வருமானம், தளம் திறக்கவில்லை போன்றவை என் துறை இல்லை.

துவாரகாவிலிருந்து: அக்கா, இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் என்ன? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

கட்டுரை தனியாக நிற்க வேண்டும், பதிவு தனியாக நிற்பதில்லை. ஆனால் இந்த ஒரு வரியோடு விட எனக்கு மனசில்லை.

மகிளா ஹாட்டில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய புத்தகச் சந்தையில், முன்பு தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்ததே அதில்தான், நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கட்டுரைத் தொகுப்பு கிடைக்கிறது என்று வையுங்கள். எழுதியவரை உங்களுக்குத் தெரியாது, அந்த ஆண்டு நாட்டில் என்ன நடந்தது என்றும் தெரியாது. அப்படியும் அந்தக் கட்டுரை புரிய வேண்டும். தேவையானதை எல்லாம் தனக்குள்ளேயே வைத்திருப்பது கட்டுரையின் கடமை. பதிவு அப்படியில்லை. அது தன் தேதியைச் சார்ந்திருக்கிறது, நேற்றைய பதிவைச் சார்ந்திருக்கிறது, நடுவில் கொடுத்த சுட்டியையும் (லிங்க்) கீழே வந்த பின்னூட்டத்தையும் (வாசகர் மறுமொழி) சார்ந்திருக்கிறது. 1997-ல் யார்ன் பார்கர் தன் பக்கத்தை ‘வெப்லாக்’ என்று அழைக்க ஆரம்பித்தபோது அதில் இருந்தவை பெரும்பாலும் சுட்டிகளும் அவற்றைப் பற்றிய ஓரிரு வரிகளும்தான். இன்றைக்கு நான் இதைப் படித்தேன், நீங்களும் போய்ப் பாருங்கள் என்பதுதான் அதன் குரல். பிறந்ததிலிருந்தே பதிவு வாசகரை வெளியே அனுப்புகிறது. கட்டுரை உள்ளே உட்கார வைக்கிறது.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். கட்டுரைக்கான உழைப்பு அச்சுக்கு முன்னால் முடிந்துவிடும். எடிட்டர் “இதை எங்கே எடுத்தீர்கள்” என்பார், ஒரு பத்தியை வெட்டுவார், மெய்ப்பு பார்ப்பவர் ஒற்றுப்பிழை பிடிப்பார். அச்சான பிறகு அடுத்த இதழில் ஒரு வருந்துகிறோம் போடலாம், அவ்வளவே. பதிவில் முன்னால் யாரும் எதுவும் கேட்பதில்லை, வெளியிட்ட பத்தாவது நிமிஷம் ஒருவர் வந்து “மூன்றாவது பத்தியில் வருஷம் தப்பு” என்கிறார். அதனால் பதிவு எழுதுகிறவருக்கு வெளியிட்ட பின்புதான் பாதி வேலை. தயவுசெய்து பதிவில் தேதி போடுங்கள். தேதி இல்லாத பதிவில் “சமீபத்தில்” என்று இருந்தால் அது எந்தக் காலம் என்று யாருக்கும் தெரியாது.

மயூர் விஹாரிலிருந்து: பதிவு எத்தனை வார்த்தை இருக்கலாம்?

எத்தனை வேண்டுமானாலும். பத்திரிகைக்குப் பக்கக் கணக்கு உண்டு, காகிதத்துக்குக் காசு உண்டு, அதனால் அளவு வந்தது. பதிவில் அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டு வரிப் பதிவும் பதிவுதான், ஐயாயிரம் வார்த்தையும் பதிவுதான்.

ரோஹிணியிலிருந்து ஒரு அப்பா: பெண் பத்தாம் வகுப்பு. பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று நன்றாக எழுதுகிறாள். பதிவையும் அப்படியே எழுதச் சொல்லலாமா?

வேண்டாம் சார். பள்ளிக் கட்டுரைதான் மரபான கட்டுரை என்று நினைப்பதால் நிறையக் குழப்பம் வருகிறது. அது திருத்துகிறவரின் வசதிக்காக உண்டான தேர்வு வடிவம். குறிப்புச் சட்டகம் இருக்கிறதா, உட்தலைப்பு இருக்கிறதா, மேற்கோள் பாட்டு இருக்கிறதா என்று மதிப்பெண் போட வசதி. நல்ல கட்டுரையாளர் யாரும் முன்னுரையில் சொன்னதை முடிவுரையில் திருப்பிச் சொல்வதில்லை. ‘சுதேசமித்திரன்’, ‘இந்தியா’ பத்திரிகைகளில் பாரதி எழுதிய கட்டுரைகளை உங்கள் பெண்ணுக்குக் கொடுங்கள். எடுத்த எடுப்பில் விஷயத்துக்குள் போய்விடுவார், சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுவார்.

தேர்வுக்குத் தேர்வு மாதிரியே எழுதட்டும், மதிப்பெண்ணில் விளையாட வேண்டாம். பதிவில் அவள் பார்த்ததை, அவளுக்கு ஏன் அது தோன்றியது என்பதை எழுதட்டும். அப்புறம் இன்னொன்று: பள்ளியின் பெயர், வீட்டு விலாசம், பஸ் எண் எதுவும் பதிவில் வேண்டாம்.

நொய்டாவிலிருந்து: எந்தத் தளத்தில் தொடங்குவது நல்லது?

எழுதியதை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ள வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றதைக் கணினி தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ஆர்.கே.புரத்திலிருந்து: ஒரு பதிவுக்குச் சரியான அளவு என்ன? ஐந்நூறு வார்த்தை என்கிறார்களே?

மேலே மயூர் விஹார்காரருக்குச் சொன்னதுதான்.

கரோல் பாகிலிருந்து, ஓய்வு பெற்ற ஒருவர்: எடிட்டர் கை படாதது எழுத்தே ஆகாது. கட்டுரை எழுத வராதவர்களின் புகலிடம்தான் வலைப்பதிவு. எடிட்டர் வேலை பார்த்த நீங்களே இதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒத்துக்கொள்ள மாட்டேன் ஐயா. அந்த வேலை பார்த்ததால்தான் சொல்கிறேன். எடிட்டர் கையால் கட்டுரைக்கு நல்லது நடக்கும், அதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தது என்று ஒரு கட்டுரையின் உயிரான பத்தி வெட்டுப்பட்டதையும் பார்த்திருக்கிறேன்.

தமிழில் வலைப்பதிவு என்ன செய்தது என்று பாருங்கள். ஒருங்குறிக்கு (யூனிகோட்) முன் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒரு எழுத்துரு. டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியேற்றம், உரிய எழுத்துருவை இறக்கவில்லை என்றால் திரையில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். ஒருங்குறி பரவிய பிறகுதான் யாரும் எழுதலாம், எங்கிருந்தும் படிக்கலாம் என்று ஆனது. 2004-ல் தமிழ்மணம் என்ற பதிவுத் திரட்டி வந்ததும் சிதறிக் கிடந்த பதிவுகள் ஓரிடத்தில் திரண்டன. அதற்குப் பிறகு எழுத வந்தவர்கள் யார்? வளைகுடாவில் கட்டட வேலை மேற்பார்த்தவர், கப்பலில் இருந்தவர், வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவர், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு எழுதியவர். பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால் “எங்களுக்கு உகந்ததல்ல” என்று திரும்பியிருக்கும் விஷயங்கள். தங்கள் தொழிலைத் தங்கள் வார்த்தையில் எழுதினார்கள். மொக்கையும் (சாரமில்லாத பதிவு) கும்மியும் (பின்னூட்ட அரட்டை) நிறைய இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவர்களைக் கட்டுரை எழுத வராதவர்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். கட்டுரைக்கான வாசல் அவர்களுக்குத் திறக்கப்படவில்லை.

மந்திர் மார்கிலிருந்து: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கணையாழி நம்ம ஊரில் தொடங்கிய பத்திரிகை. அதில் சுஜாதா எழுதிய கடைசிப் பக்கம்தானே தமிழின் முதல் வலைப்பதிவு? கரோல் பாக் பெரியவர் அதையும் எழுத்தில்லை என்பாரா?

மறுபடி கரோல் பாக்: அதற்கு எடிட்டர் இருந்தார்! கஸ்தூரிரங்கன் இருந்தார்!

இந்தச் சண்டை எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் நின்றே பதில் சொல்கிறேன். 1965-ல் கி. கஸ்தூரிரங்கன் தில்லியில் கணையாழியைத் தொடங்கினார். ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் சுஜாதா கடைசிப் பக்கத்தை எழுதினார், அது தொண்ணூறுகள் வரை தொடர்ந்தது. ஒரே பக்கத்தில் ஒரு சினிமா, ஒரு கவிதை, ஒரு அறிவியல் செய்தி, ஒரு எரிச்சல், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் இருக்கும். சேர்த்து வைப்பது அந்தக் குரல் ஒன்றுதான். இன்றைக்குத் தொகுப்பாகப் படித்தால் அந்த மாதம் எது பேச்சாக இருந்தது என்று தெரிந்தால் இன்னும் சுவையாக இருக்கும். இவையெல்லாம் பதிவின் குணங்கள்தான், மந்திர் மார்க் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதற்கு வந்த எதிர்வினை எங்கே இருந்தது? வாசகர் கார்டு எழுத வேண்டும், தபால் போக வேண்டும், பத்திரிகை பிரசுரிக்க வேண்டும், பிரசுரித்தால் அது அடுத்த இதழிலோ அதற்கடுத்த இதழிலோ வேறொரு மூலையில். பதிவில் மறுமொழி அதே பக்கத்தில், எழுதியதற்கு நேர் கீழே நிற்கிறது. முதல் பின்னூட்டத்தைப் படித்துவிட்டுப் பதிவர் அன்றிரவே அடுத்த பதிவை எழுதுகிறார். எழுதுகிறவர் மனசையே அது மாற்றிவிடுகிறது. ஆகவே இப்படிப் பத்திரிகையில் ஒருவர் தொடர்ந்து எழுதும் பத்தி எழுத்து பதிவுக்குப் பெரியப்பா முறை என்பேன், பதிவே என்று சொல்லமாட்டேன்.

லாஜ்பத் நகரிலிருந்து: அப்போது பிரெஞ்சு எழுத்தாளர் மான்டேன்? கட்டுரைக்குத் தகப்பன் என்கிறோம், அவரே முடிக்காமல் சேர்த்துக்கொண்டே போனவர் ஆயிற்றே. கட்டுரை முடிந்த பொருள் என்றால் அவர் எழுதியது என்ன?

இன்றைக்கு வந்த கேள்விகளில் சிறந்தது இதுதான். மான்டேன் 1580-ல் முதல் இரண்டு பாகங்களை அச்சிட்டார். 1588-ல் மூன்றாவது பாகத்தோடு, பழையவற்றிலும் நூற்றுக்கணக்கான இடைச்சேர்க்கைகள். அதன் பிறகு 1592-ல் சாகும் வரை தன் பிரதியின் ஓரங்களில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் பிரதி போர்தோ நகரில் இன்றும் இருக்கிறது. நான் சேர்ப்பேன், திருத்தமாட்டேன் என்பது அவர் கொள்கை. இப்போதைய பதிப்புகள் பலவற்றில் எந்த வரி எந்தக் காலத்தது என்று ஏ, பி, சி என்று குறி போட்டிருப்பார்கள்.

ஆக, மூடிய வடிவம் கட்டுரைக்குப் பிறவிக் குணம் இல்லை. பத்திரிகைப் பக்கமும் பாடப்புத்தகமும் கொடுத்த குணம். ஆனால் 1580-ல் வாங்கியவர் கையில் இருந்த புத்தகம் 1588-ல் தானாக மாறவில்லை, பழையது பழையதாகவே இருந்தது. பதிவில் அதே முகவரியில் எழுத்து மாறுகிறது, முன்பு இருந்தது தடயமில்லாமல் போகிறது. நேற்று உங்களைத் திட்டிப் பின்னூட்டம் போட்டவர் இன்று பைத்தியக்காரர் மாதிரித் தெரிகிறார், ஏனென்றால் அவர் கண்டித்த வரியையே நீங்கள் எடுத்துவிட்டீர்கள். இதைச் செய்யாதீர்கள். மாற்றினால் கீழே “திருத்தம்” என்று போட்டு, தேதியோடு, என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். எழுத்துப்பிழைக்குத் தேவையில்லை. கருத்தோ தகவலோ மாறினால் கட்டாயம் வேண்டும்.

கரோல் பாக்: ஆக எடிட்டர் வேலையைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள்.

ஆமாம் ஐயா, வேலை அதேதான். செய்கிற ஆளும் நேரமும் மாறிவிட்டன. புகலிடம் என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெறுங்கள்.

சரோஜினி நகரிலிருந்து: பின்னூட்டத்தை மூடிவிட்டால் பதிவு கட்டுரையாகிவிடுமா?

ஆகாது. தொல்லை தாங்கவில்லை என்றால் தாராளமாக மூடுங்கள், அது உங்கள் உரிமை, பெண்களுக்கு வரும் பின்னூட்டங்களைப் பார்த்தவள் என்பதால் அழுத்தியே சொல்கிறேன். கட்டுரை ஆக வேண்டுமென்றால் மற்றவர் கேட்கக்கூடியதை நீங்களே உள்ளே கேட்டுப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

முனிர்காவிலிருந்து, ஆய்வு மாணவர்: ஆய்வேட்டில் வலைப்பதிவை மேற்கோள் காட்டலாமா? வழிகாட்டி தயங்குகிறார்.

காட்டலாம் தம்பி. பதிவர் பெயர், தலைப்பு, பதிவின் தேதி, முகவரி, நீங்கள் பார்த்த தேதி, இத்தனையும் வேண்டும். அதோடு இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒரு நகல் சேமித்து அந்த முகவரியையும் கொடுங்கள். பியூ ஆய்வு மையம் 2024-ல் சொன்ன கணக்கில், 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குள் கிடைக்காமல் போய்விட்டன. உங்கள் ஆய்வேட்டைப் பத்து வருஷம் கழித்துப் புரட்டுகிறவருக்கு நகல் இல்லையென்றால் ஒன்றும் மிஞ்சாது. வழிகாட்டி வடிவத்தைப் பார்த்துத் தயங்கினால், அந்தப் பதிவர் அந்த விஷயத்தை நேரில் அறிந்தவரா என்பதைக் காட்டுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: பதிவில் எழுதினால் கைது செய்வார்களா?

இணையத்தில் எழுதியதற்குக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. அவதூறுச் சட்டம் பத்திரிகைக்கும் பதிவுக்கும் ஒன்றுதான். மேற்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போங்கள், என்னிடம் வேண்டாம்.

ஜனக்புரியிலிருந்து: அளவு பற்றி ஒரு சந்தேகம்…

இல்லை. அளவு பற்றி இனி பதில் கிடையாது. மேலே படியுங்கள்.

சாகேத்திலிருந்து: 2006 முதல் எழுதிய பதிவுகளைப் புத்தகமாக்க ஆசை. அப்படியே அச்சுக்குக் கொடுத்தால் கட்டுரைத் தொகுப்பு ஆகிவிடும் அல்லவா?

அப்படியே கொடுக்காதீர்கள் மேடம். அச்சில் சுட்டி வேலை செய்யாது. “இங்கே பாருங்கள்” என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் அங்கே என்ன இருந்தது என்பதை இரண்டு வரியில் எழுத வேண்டும். “நேற்று”, “போன வாரம்”, “முந்தைய பதிவில் சொன்னேனே” எல்லாவற்றையும் தேடி எடுங்கள். பதிவில் ஒவ்வொரு முறையும் புது வாசகருக்காக அதே அறிமுகத்தைத் தந்திருப்பீர்கள், வரிசையாகப் படிக்கும்போது சலிக்கும். தொடர்பதிவுக்கு (ஒரே தலைப்பில் எழுத ஒரு பதிவர் இன்னொருவரை அழைப்பது) யார் அழைத்தார்கள் என்பதும் கடைசியில் போட்ட டிஸ்கியும் (டிஸ்க்ளெய்மர், அதாவது பொறுப்புத் துறப்பு) போகட்டும். நல்ல பின்னூட்டம் உங்கள் கருத்தை மாற்றியிருந்தால் அதை எழுதியவரிடம் அனுமதி கேட்டுச் சேருங்கள், அது உங்கள் சொத்து இல்லை.

எல்லாவற்றையும் எடுத்த பிறகு சில பதிவுகளில் அரைப் பக்கம்கூட மிஞ்சாது. அவற்றைப் புத்தகத்தில் சேர்க்காமல் தளத்திலேயே விட்டுவிடுங்கள், அங்கே அவை நன்றாகத்தான் இருக்கின்றன. மிச்சத்தைக் காகிதத்தில் அச்செடுத்து, பதிவே படிக்காத ஒருவரிடம் கொடுத்து எங்கெல்லாம் புரியவில்லை என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு விழுந்த இடங்களைத் திரும்ப எழுதிவிட்டு அச்சகத்துக்குப் போகலாம்.